மூவருக்கு ஒரு கொக்கு

எங்கள் விடுதிக்கு முதலில் வந்தது ஆமை. பதினோராம் அறை வளர்மதி காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கட்டிலின் கால்மாட்டில் அது உட்கார்ந்திருந்தது. துவைக்கிற கல் அளவுக்குப் பெரியது, முதுகெல்லாம் பாறை வெடிப்பு, முந்தின நாள் சாயங்காலம் அவள் செல்போனில் ‘ஏழுகோட்டை’ ஆடும்போது அழைப்புக் கிணற்றடியில் நின்று எந்த ஆமையைத் தேர்ந்தெடுத்தாளோ அதே ஆமை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு, நகரு” என்றாள் வளர்மதி. அது நகர்ந்து, அவள் பின்னாலேயே நடந்து, கம்பெனி பஸ்ஸின் படியில் ஏறியது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, படியில் நிற்கக் கூடாது, உள்ளே போ என்று அதனிடம் சொன்னார்.

அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த நான்கு மாடி விடுதியில் நானூறு பெண்கள் இருந்தோம். கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, முனையில் ஊசி செருகி அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. வேலை செய்கிற இடத்தில் ஒருத்தியோடு ஒருத்தி பேசக் கூடாது என்பதால், பேச வேண்டியதையெல்லாம் திரும்பி வந்து ‘ஏழுகோட்டை’க்குள் போய்ப் பேசிக்கொண்டோம், சண்டை போட்டுக்கொண்டோம், கோட்டை பிடித்தோம். நாற்பதாவது படி ஏறியவர்களுக்கு அதில் ஒரு கிணறு வரும். கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் மூன்றில் ஒன்று மேலே வரும். ஆமை முன்னால் நின்று உனக்கு விழும் அடியை வாங்கும், கீரி பாய்ந்து எதிராளியைக் கடிக்கும், கொக்கு பின்னால் நின்று உன் காயத்தை ஆற்றும். ஒரு பெயருக்கு ஒரே ஒரு தடவைதான் கூப்பிடலாம், வேண்டாமென்றால் அனுப்பிவிடலாம், மாற்றிக்கொள்ள முடியாது.

வளர்மதியைத் தொடர்ந்து நாற்பதாவது படி ஏறியவர்களுக்கெல்லாம் அடுத்த நாள் விடிந்தால் கால்மாட்டில் ஒன்று உட்கார்ந்திருந்தது. வார்டன் கனகமணி அம்மா வருகைப் பதிவேட்டில் கோடு போட்டு ‘பிராணி’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். சமையல்கார அக்கா அவற்றுக்கென்று தனியாகச் சோறு வடித்து வைத்து, ஒன்றுகூட வாய் வைக்காததால் ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பெனியில், வேலை நடக்கும் இடத்துக்குள் கீரிகளுக்கு அனுமதியில்லை, ஆமைகள் வழியை மறிக்காமல் ஓரமாக இருக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட, என்ன படித்திருக்கிறாள் என்பதோடு என்ன வைத்திருக்கிறாள் என்றும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆமை வைத்திருக்கிறவளுக்கு உடனே இடம் அமைந்தது, எந்த மாமியாருக்குத்தான் கசக்கும்? கீரிக்காரிகளுக்கு ஒன்றும் அமையவில்லை, அவர்களும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆமைக்காரிகளை சூப்பர்வைசர் எவ்வளவு திட்டினாலும் அவர்கள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது, ஓரத்தில் நிற்கும் ஆமையின் முதுகில்தான் ஒரு கீறல் விழும். இரண்டு வருடம் கழித்து வளர்மதியின் ஆமை நடைபாதையில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே சதையில்லை, ரத்தமில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவளைப் பார்த்துச் சொன்ன அத்தனை வார்த்தைகளும், சொன்னவர்களின் குரலிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, தாழ்ந்த சத்தத்தில் மூன்று நாள் வெளியே வந்துகொண்டிருந்தன. நாங்கள் அதைத் தாண்டித் தாண்டிக் குளிக்கப் போனோம். நான்காம் நாள் கனகமணி அம்மா ஓடுகளைப் பெருக்கி அள்ளச் சொன்னார்.

கொக்கை யாரும் கூப்பிடுவதில்லை. கொக்கு வைத்திருந்தால் படி ஏறுவது தாமதம், கோட்டை பிடிக்க உதவாது. நாற்பதாம் அறைத் தவமணி மட்டும் ஒன்று வைத்திருந்தாள். ஊசி குத்தின விரல்கள் அவளுக்கு மறுநாளே ஆறின, ஒவ்வொரு காயத்துக்கும் கொக்கின் இறகு ஒன்று உதிர்ந்தது. கடைசியில் மொட்டையாகி, கூசிக்கொண்டு, அலமாரிக்குப் பின்னால் நின்றபடியே அது செத்துப்போனது.

எங்கள் கதைக்கு வருகிறேன். இருபத்தேழாம் அறையில் ஜன்னலோரக் கட்டில் ஒன்று, அதற்கு நாங்கள் மூன்று பேர். நான் பிரகாசி, தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர், மூவரில் மூத்தவள். இசக்கி சங்கரன்கோவில் பக்கம், அஞ்சலை திண்டிவனம் பக்கம். ஒருத்தி வேலையில் இருப்பாள், ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி துணி துவைத்துக்கொண்டோ ஆடிக்கொண்டோ இருப்பாள். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும், மூன்று பேருக்கும் சேர்ந்தே மாறும் என்பதால் இந்த வரிசை மட்டும் மாறாது. கட்டிலில் சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் வந்து படுப்பாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது வருடத்தில் ஒரே நாள், கம்பெனி மொத்தமும் நிற்கிற ஆயுதபூஜை அன்றைக்கு. மற்ற நாளெல்லாம் பேச்சு, தலையணைக்கு அடியில் கிடக்கும் ஒரு நோட்டில் எழுதுவதுதான். ‘ஏழுகோட்டை’யிலும் எங்களுக்கு ஒரே பெயர், நாச்சி27. எட்டு எட்டு மணி நேரமாக அவளை மாற்றி மாற்றி ஆடியதில், தூங்கவே தூங்காத நாச்சி27 விடுதியிலேயே வேகமாக நாற்பதாவது படி ஏறினாள்.

எதைக் கூப்பிடுவது என்று நோட்டில் ஒரு மாதம் சண்டை. இசக்கி, ஆமைதான், எனக்கு ஏச்சு வாங்கி மாளல என்று எழுதினாள். நான் கீரி என்று எழுதினேன், கடிக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று என்னிடம் இருந்தது. அஞ்சலை ஒன்றும் எழுதவில்லை. அவள் எழுத்து வர வரக் கோணிக்கொண்டே போவதைப் பார்த்து, என்னடி என்று கேட்டு எழுதினேன். ‘வலது கை மரத்துப் போச்சுக்கா, ஊசி புடிக்க வரல, அடுத்த கை சோதனையில போயிடுவன்’ என்று இடது கையால் பதில் எழுதியிருந்தாள். நிமிடத்துக்கு இத்தனை ஊசி செருகவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அஞ்சலைக்குப் போக ஒரு வீடு கிடையாது, சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகைதான் உண்டு. மறுநாள் நான் ஆடும் முறை வந்தது. கிணற்றில் குனிந்து, இசக்கியைக் கேட்காமல், என் பட்டியலையும் விட்டுவிட்டுக் கொக்கைக் கூப்பிட்டேன். நான் நல்ல காரியம் செய்தேன் என்று வெகுநாள் எனக்கொரு பெருமை இருந்தது.

வந்தது. ஜன்னல் கம்பியில் ஒற்றைக் காலில் நின்றது, இமைக்கவில்லை. அதன் காலிலிருந்து எப்போதும் சேற்றுத் தண்ணீர் சொட்டியது. கனகமணி அம்மா கீழே ஒரு பேசின் வைத்தார், தினமும் சாயங்காலம் அது நிறைந்திருக்கும். அஞ்சலை அந்த வாரமே கை சோதனையில் எல்லோரையும்விட வேகமாக ஊசி செருகினாள். கொக்கின் இறகு ஒன்றுகூட உதிரவில்லை. தவமணி வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒங்களது நல்ல ஜாதி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இறகு ஏன் உதிரவில்லை என்று நாலாம் நாள் எனக்குத் தெரிந்தது. வேலை முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்ததும் என் வலது கை தோள் வரைக்கும் செத்தது. எழுந்து நின்றேன், கை வந்துவிட்டது. படுத்தேன், போய்விட்டது. கொக்கு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நோட்டில் இசக்கி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்: ‘யக்கா, படுத்தா கை செத்துப் போவுது, ஒங்களுக்கும் அப்படியா?’ கொக்குக்கு எங்களைத் தெரியாது, அதற்குத் தெரிந்தது நாச்சி27 என்கிற ஒரே ஆள். அந்த ஆளின் ஒரு பாகம் உழைக்கிறது, ஒரு பாகம் உலாத்துகிறது, ஒரு பாகம் கட்டிலில் சும்மா கிடக்கிறது. உழைக்கிற பாகத்தின் வலியை எடுத்து, சும்மா கிடக்கிற பாகத்தில் கொண்டுபோய் வைத்தது.

இதற்கு நாங்கள் பதறியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் பதறவில்லை. ஒரு வலியை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு எட்டு மணி நேரம் தூக்கத்தில் சுமப்பது எங்களுக்கு மிகவும் நியாயமாகப் பட்டது, கட்டிலையும் தண்ணீர் வாளியையும் அப்படித்தானே பிரித்துக்கொண்டிருந்தோம். மற்ற அறைக்காரிகள் கேள்விப்பட்டு, தாங்களும் மூன்று மூன்று பேராக ஒரே பெயரில் ஆட ஆரம்பித்தார்கள். மாடிக்கு மாடி கொக்குகள் வந்தன. கம்பெனியில் ஆயாசம், சுணக்கம், லீவு எல்லாம் குறைந்தது, மேலாளர் எங்கள் விடுதிக்கு ஒரு கேடயம் கொடுத்தார். விடுதியில் மட்டும் எந்த நேரத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் யாராவது ஒருத்தி கட்டிலில் முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிகள் சத்தம் போடாமல் நடந்தார்கள்.

முதலில் கை, பிறகு வயிற்று வலி, காய்ச்சல், பல் வலி. இரண்டாம் வருடம் இசக்கியின் அப்பா வயலில் பாம்பு கடித்துச் செத்தார். அவள் ஊருக்குப் போய்த் திரும்பி, மறுநாளே சிரித்த முகத்தோடு வேலைக்குப் போனாள். நான் கட்டிலில் படுத்ததும், கண்ணால்கூடப் பார்த்திராத அந்த மனிதருக்காக, தலையணை நனைய நனைய அழுதேன். எட்டு மணி நேரம் கழித்து எழுந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத் தூங்கியெழுந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் வருடம் என் தம்பி கஸ்பார் கடலில் போனான். புயல் வருவதாகத் தெரியாமல் போன நாலு பேரில் அவன் ஒருவன். சேதி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் சரி என்றேன், திரும்பிப் போய் அன்றைய கட்டு முழுவதையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறினேன். உடம்பு கிடைக்கவில்லை. பெட்டிக்குள் அவனுடைய சட்டையை வைத்து அடக்கம் செய்தோம். ஊரே ஓலமிட்டது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். “தூக்கி வளத்தவளாட்டீ நீ? ஒன் நெஞ்சுல என்னட்டீ இருக்கு?” என்றாள். அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. பிரகாசிக்கா கல்லு மாதிரி என்று விடுதியில் எல்லோரும் மெச்சினார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த நாளிலிருந்து கட்டிலில் படுத்தால் புதிதாக ஒன்று வந்தது. வாயில் உப்பு கரித்தது, மூச்சு முட்டியது, கீழே கால் பாவ இடமில்லை, மேலே யாரையோ கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்து விட்டுவிட்டது போல நெஞ்சைப் பிசைந்தது. இது அஞ்சலையுடையது என்று நினைத்துக்கொண்டேன், அவள் ஊர் ஏரி ஒருமுறை உடைத்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள். கேட்டால் கஷ்டப்படுவாளே என்று கேட்கவில்லை. அஞ்சலை அது இசக்கி சின்ன வயதில் எந்தக் கிணற்றிலோ விழுந்தது என்று நினைத்திருக்கிறாள், இசக்கி அது ஏரிதான் என்று நினைத்திருக்கிறாள். நோட்டில் உப்பு, புளி, சோப்பு என்று எழுதினோமே தவிர, ஒருத்தியும் இதை எழுதவில்லை. சுமந்து கொடுக்கிறவள் என்ன சுமக்கிறோம் என்று சொல்லிக்காட்டக் கூடாது என்பது எங்களுக்குள் யாரும் போடாத ஒரு சட்டம்.

ஐந்தாம் வருட ஆயுதபூஜை அன்று மூன்று பேரும் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தோம். இசக்கிக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது, அடுத்த வாரம் ஊருக்கே போகிறாள். கொக்குக்கும் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

“யக்கா, இத அனுப்பிருவோம்” என்றாள் இசக்கி. “நான் எங்க இருந்தாலும் நாச்சிதான இதுக்கு. நாளைக்கு எனக்குப் பிள்ள பெறந்தா, அந்த வலிய இந்தக் கட்டில்ல கெடந்து நீங்க ரெண்டு பேரும் படுவியளா? என் பிள்ளைக்கு நான் வலி பட வேண்டாமா?”

அனுப்புவதற்கும் ஒரு கட்டளை இருந்தது. போனில் அதைத் திறந்தால், ‘கொக்கு சுமத்தியது, அப்போது சுமப்பவரிடமே தங்கும்’ என்று ஒரு வரி வரும். அனுப்புகிற நேரத்தில் கட்டிலில் யார் படுத்திருக்கிறாளோ அவளுக்கே எல்லாம் சேரும், என்றைக்கும்.

“நான் படுக்கறன்” என்றாள் அஞ்சலை. “என் கையாலதான இம்மாந்தூரம் வந்துது. கை என்னுது. இசக்கி அப்பாவையும் நானே வச்சிக்கறன், பரவால்ல. அந்தத் தண்ணியத்தான் எப்படித் தாங்கறதுன்னு தெரியல. ஏன் இசக்கி, கெணத்துல வுழுந்தியா நீ சின்ன வயசுல?”

“நான் எங்க விழுந்தேன்? ஒங்க ஏரிதான அது?”

“எங்க ஏரி முட்டி அளவுதான் வந்துது. அது உப்பு கரிக்குமாடி?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது. இரண்டு வருடமாக நான் கல்லாக இருந்ததற்கு, இந்தப் பிள்ளைகள் ஆளுக்கு எட்டு மணி நேரம் என் தம்பிக்காக மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானும் தினமும் அவனுக்காக மூழ்கியிருக்கிறேன், யாருடையதோ என்று நினைத்து, எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போயிருக்கிறேன். அவனுக்காக அழுகிறோம் என்று தெரிந்து ஒரே ஒரு தடவைகூட நான் அழவில்லை.

“அது எனக்கு வேணும்” என்றேன். “நான் படுக்கன். நீங்க அனுப்புங்க.”

“கை?” என்றாள் அஞ்சலை. “என் கை ஒன்மேல வுழுந்துடுமேக்கா. அடுத்த சோதனையில நீ போயிடுவ.”

அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் இசக்கிதான் சொன்னாள், மூணு பேரும் சேந்தே படுத்துருவோம், அவங்கவங்களுது அவங்கவங்ககிட்ட வந்துரும்லா. கேட்டவுடனே அது எங்களுக்கு மிகச் சரியாகத் தோன்றியது. ஐந்து வருடத்தில் அந்தக் கட்டிலில் மூன்று பேர் ஒன்றாகப் படுத்ததே இல்லை. இரண்டரை அடி அகலம். நான் நடுவில், அஞ்சலை சுவர் பக்கம், இசக்கி வெளிப்பக்கம் ஒருக்களித்து, விழாமல் இருக்க என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தியின் மூச்சு ஒருத்தியின் கழுத்தில் பட்டது. எல்லாம் ஒரேயடியாக மூன்று பேருக்கும் வந்தது, கையும் பாம்பும் கடலும். கொக்கு முதல் தடவையாகத் தலையைத் திருப்பி எங்களை நேராகப் பார்த்தது. போனைத் தூக்கிப் பிடித்து, மூன்று கட்டைவிரலையும் ஒன்றாக வைத்து அழுத்தினோம்.

அது பறக்கவில்லை. கம்பியிலிருந்து இறங்கி, ஈரக் காலோடு தரையில் நடந்து, கதவு வழியாக வெளியே போனது. படியில் அது இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

என் வலது கை மரத்திருந்தது. அஞ்சலை அதன்மேல் படுத்திருப்பதால் என்று நினைத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்த பிறகும் கை வரவில்லை. அஞ்சலை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, “யப்பா, யப்போவ், ஒங்களப் பாம்புக்குக் குடுத்தனே” என்று அழுதாள். அப்பன் முகமே அறியாதவள் அவள். இந்தப் பக்கம் இசக்கி கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தாள். “யக்கா, கைய விட்டுட்டேன் யக்கா, இங்கனதான் இருந்தான்” என்றாள்.

கொக்குக்கு எங்களில் யார் யார் என்று எப்போது தெரிந்திருந்தது, இப்போது தெரிவதற்கு? கட்டிலில் இருந்ததை மூன்றாக வகுத்துவிட்டு அது போய்விட்டது. நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, என் நெஞ்சுக்குள் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மறுபடி கூப்பிட வழியில்லை, ஒரு பெயருக்கு ஒரு தடவைதான். இசக்கி என் தம்பியோடு ஊருக்குப் போனாள். கடலே தெரியாத அந்தக் கரிசல் காட்டில் அவள் கிணற்றடிக்குப் போக மாட்டேன் என்கிறாளாம், மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லையாம். அஞ்சலை வருடா வருடம் லீவு போட்டு, இசக்கி அப்பாவின் திதிக்குச் சங்கரன்கோவில் போய் வருகிறாள், வீட்டார் அவளுக்கு மகளுக்கு எடுப்பது போல் சேலை எடுக்கிறார்கள். நான் கை சோதனையில் தோற்றேன். அனுப்பிவிடாமல், இடது கையால் அட்டைப் பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற வேலையில் போட்டிருக்கிறார்கள். அது ஒன்றும் எனக்குப் பெரிதில்லை. என்னுடையதை இன்னொருத்தி வைத்திருக்கிறாள் என்பதுதான் பெரிது.

இந்த வருடம் கஸ்பார் நினைவுப் பூசைக்கு ஊருக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்துவிட்டு, பேசாமல் உள்ளே போனாள். அன்றைக்கு இசக்கி கூப்பிடுவாள் என்று தெரியும், வருடா வருடம் கூப்பிடுவாள். மத்தியானம் போன் அடித்தது. எடுத்து, அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி வாசல்படியில் வைத்து, சத்தத்தைக் கூட்டினேன்.

“யக்கா” என்றாள் இசக்கி, அதற்குமேல் பேச வரவில்லை, அழுகைதான் வந்தது. அடிவயிற்றிலிருந்து, நெஞ்சு அடைத்து அடைத்து, அவனைக் கையில் தூக்கி வளர்த்தவள் அழுகிற அழுகை. எங்கள் வீட்டில் யாருக்கும் அவளைத் தெரியாது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். யார் எவர் என்று என்னைக் கேட்கவில்லை. போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

“அழு மவளே” என்றாள் போனுக்குள். “நல்லா அழு. நீயாவது அழு.”

இரண்டு பேரும் அழுதார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.